சனி, ஞாயிறு நாடகப் பட்டறைக்குக் கிளம்புறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க

என் முதல் நாடகப் பட்டறைக்கு நான் ஒரு வசனத்தோட போனேன். ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு உருப்போட்ட வசனம். எப்போ என் முறை வரும், எப்போ அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம்னு காலையிலிருந்து காத்துக்கிட்டிருந்தேன். மத்தியானம் எங்களை ரெண்டு ரெண்டு பேரா நிக்க வெச்சாங்க. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேர் சந்திக்கிறாங்க, அவ்வளவுதான் சூழ்நிலை. எதிர்ல இருந்த அக்கா ஏதோ பேசினாங்க, நானும் ஏதோ பேசினேன். முடிஞ்சதும் பயிற்சியாளர் என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அவங்க கையில என்ன இருந்துச்சு?"

எனக்குத் தெரியலை. ரெண்டு நிமிஷம் நேருக்கு நேரா நின்னிருக்கேன், அவங்க கையை நான் பார்க்கவே இல்லை. தூங்குற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்ட மாதிரி அவங்க கையை வெச்சிருந்தாங்களாம். ஓரமா உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியலை.

தம்பி தங்கைகளே, அன்னைக்குக் கத்துக்கிட்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். ரெண்டு நாள்ல நடிப்பு முழுசா வந்துடாது. ஆனா எதிர்ல இருக்கிறவரைப் பார்க்கவும் கேட்கவும் ரெண்டு நாள்ல பழகிடலாம். அதுக்காகப் போங்க. நடிச்சுக் காட்டுறதுக்காகப் போகாதீங்க.

"ஆபீஸ் போறவங்களுக்கு நாடகம் எதுக்கு?"ன்னு வீட்டுல கேட்டா தயங்காதீங்க. தமிழ் நாடகத்தோட பெரிய அத்தியாயம் ஒண்ணை எழுதினதே வேற வேலை பார்த்துக்கிட்டு நாடகம் போட்டவங்கதான். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அவர் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. அந்தச் சபாவுல நடிச்சவங்க படிச்ச, உத்தியோகம் பார்த்த மனுஷங்க. சாயங்காலம் ஒத்திகை, பகல்ல கோர்ட்டு, ஆபீஸ். அவர் எழுதின 'நாடக மேடை நினைவுகள்' கிடைச்சா வாங்கிப் படிங்க.

பட்டறைங்கிறதும் நமக்குப் புதுசு இல்லை. 1977-ல் காந்திகிராமத்துல நடந்த நாடகப் பட்டறையும், 1980-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துல வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்தின பட்டறையும் தமிழ் நவீன நாடகத்துக்குப் பல ஆட்களைத் தந்திருக்கு. அதெல்லாம் நீளமான பட்டறைகள். நமக்குக் கிடைக்கிறது ஒரு சனி, ஒரு ஞாயிறு. அதை எப்படி முழுசாப் பயன்படுத்துறதுன்னு பார்ப்போம்.

1. பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

ஒரு நாளைக்கு 6 மணி நேரம் பயிற்சின்னா ரெண்டு நாளைக்கு 12 மணி நேரம், அதாவது 720 நிமிஷம். 24 பேர் இருந்தா ஆளுக்கு 30 நிமிஷம் வரும். 60 பேர் இருந்தா 12 நிமிஷம்தான். எல்லாரும் சேர்ந்து செய்ற பயிற்சிகள் நிறைய இருக்கும்னாலும், பயிற்சியாளர் கண்ணு உங்க மேல படுற நேரம் இந்தக் கணக்குலதான் வரும். அதனால முதல்லயே போன் பண்ணிக் கேளுங்க:

- ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்?
- எதைச் சொல்லித் தர்றாங்க? நடிப்பா, குரலா, கூத்தா, நாடகம் எழுதுறதா? ரெண்டே நாள்ல அத்தனையும்னு சொன்னா, எதுக்கு எத்தனை மணி நேரம்னு கேட்டுக்கோங்க.
- உட்கார்ந்து கேட்கிற பேச்சு எவ்வளவு, எழுந்து செய்றது எவ்வளவு?
- உடை மாத்த இடம், சுத்தமான கழிவறை இருக்கா? பெண் பயிற்சியாளர் இருக்காங்களா?
- எத்தனை மணிக்கு முடியும்? நாடகக்காரங்க நேரத்தை மறந்துடுவாங்க. உங்க ஊருக்குக் கடைசி பஸ் எப்போன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி முன்கூட்டியே சொல்லிடுங்க.

முட்டி வலி, முதுகு வலி, ஆஸ்துமா, கர்ப்பம், சமீபத்துல நடந்த ஆபரேஷன் எதுவா இருந்தாலும் பயிற்சி ஆரம்பிக்கும் முன்னாடி தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க. வெட்கப்பட வேண்டாம். நல்ல பயிற்சியாளர் உங்களுக்கேத்த மாதிரி மாத்திக் கொடுப்பார்.

2. பையில என்ன இருக்கணும்?

முட்டி நல்லா மடங்குற தளர்வான பருத்தி பேண்ட், கழுத்து இறங்காத டி-ஷர்ட், வேர்த்தா மாத்த இன்னொரு டி-ஷர்ட். ஜீன்ஸ் வேண்டாம். துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கலாம், ஆனா இல்லாம இருக்கிறதே நல்லது. கம்மல், வளையல், மோதிரம், கொலுசு, செயினை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க. கீழே உருளும்போது அது உங்களையும் கீறும், பக்கத்துல இருக்கிறவரையும் கீறும். நகத்தை வெட்டிக்கோங்க. முடியை முகத்துல விழாம கட்டுங்க. நாள் முழுக்க முடியை ஒதுக்கிக்கிட்டே இருந்தா கவனம் அதுலயே போயிடும்.

தண்ணி பாட்டில், சின்னத் துண்டு, ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா. காலையில ரெண்டு மூணு இட்லி போதும், அதையும் ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்பிட்டுடுங்க. பொங்கலும் வடையும் சாப்பிட்டுட்டு மூச்சுப் பயிற்சிக்குப் படுத்தா தூக்கம்தான் வரும். மத்தியானமும் அரை வயிறு.

3. சினிமா வசனத்தை உருப்போடாதீங்க

"ஏதாவது பேசிக் காட்டுங்க"ன்னு கேட்கிற பட்டறை உண்டு. அதுக்குப் பத்து வரி மனசுல இருக்கட்டும். ஆனா 'பராசக்தி' நீதிமன்ற வசனம் மாதிரி ஊரே அறிஞ்சதை எடுக்காதீங்க. 1952-ல் வந்த படம், இன்னைக்கும் அந்த வரிகளைச் சொல்ல வாயெடுத்தா சிவாஜியோட குரல்தான் வரும். உங்க குரல் எங்கேன்னு பயிற்சியாளர் தேட வேண்டியிருக்கும்.

உங்களுக்குப் பிடிச்ச ஒரு சிறுகதையிலிருந்து ஒருத்தர் பேசுற பகுதியை எடுங்க. இல்லைன்னா உங்க பாட்டி ரேஷன் கடையில நடந்ததைச் சொன்ன விதத்தை அப்படியே எழுதி எடுத்துட்டுப் போங்க. அதுல மூச்சு எங்கே நிக்குது, எந்த வார்த்தை இழுக்குதுன்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

4. முதல் மணி நேர விளையாட்டை லேசா எடுத்துக்காதீங்க

வட்டமா நின்னு பேர் சொல்றது, பந்து இல்லாமலே பந்து எறியறது, கூட்டத்துல யார் மேலயும் இடிக்காம வேகமா நடக்கிறது. "இதுக்கா பணம் கட்டினோம்?"னு தோணும். அமெரிக்காவுல வயோலா ஸ்போலின் இந்த மாதிரி விளையாட்டுகளையே நடிப்புப் பயிற்சியா வகுத்து 1963-ல் புத்தகமாப் போட்டாங்க. பிரேசில்ல அகஸ்தோ போவால், நடிகர்களுக்கும், நடிகர் இல்லாத சாதாரண ஜனங்களுக்கும் இப்படிப் பயிற்சிகளைத் தொகுத்தார். விளையாடும்போது "நான் எப்படித் தெரியுறேன்?"ங்கிற நினைப்பு விட்டுப் போகும். அந்த நினைப்புதான் மேடையில காலைக் கட்டிப் போடுறது.

கண்ணாடிப் பயிற்சி கண்டிப்பா இருக்கும். ஒருத்தர் அசைவார், எதிர்ல நிக்கிறவர் கண்ணாடி மாதிரி அதையே செய்யணும். நீங்க அசையற முறை வந்தா மெதுவா அசைங்க, அவரால தொடர முடியற வேகத்துல. நீங்க கண்ணாடியா இருக்கும்போது அவர் கையை மட்டும் பார்க்காதீங்க. கண்ணைப் பாருங்க, உடம்பு முழுக்கத் தானாத் தெரியும். நல்லாப் போனா, யார் முன்னாடி அசையுறாங்க, யார் பின்னாடி வர்றாங்கன்னு பார்க்கிறவங்களுக்கே பிரிச்சுச் சொல்ல முடியாது.

கண்ணைக் கட்டி அழைச்சுட்டுப் போற பயிற்சியில, அழைச்சுட்டுப் போறவருக்குத்தான் பொறுப்பு அதிகம். படி, நாற்காலி, தூண் எல்லாத்தையும் கண்ணைக் கட்டியிருக்கிறவர் சார்பா நீங்க பார்க்கணும். இழுக்காதீங்க.

5. குரல்: கத்தாதீங்க, கடைசி வார்த்தையை விடாதீங்க

தரையில மல்லாந்து படுத்து வயித்து மேல கையை வெச்சுக்கோங்க. மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழும்பணும். தோள் தூக்கினா மூச்சு மேலோட்டமாப் போகுதுன்னு அர்த்தம். வாயை மூடி "ம்ம்"னு முனகும்போது உதடும் மூக்கோரமும் அதிரணும். தொண்டை எரிஞ்சா உடனே நிறுத்திடுங்க. எரிச்சலோட பயிற்சி பண்ணினா ஞாயித்துக்கிழமை பேச்சே எழும்பாது.

தமிழ்ல நடிக்கிறவங்க எல்லாரும் கவனிக்க வேண்டியது ஒண்ணு. நம்ம பாஷையில வினைச்சொல் கடைசியில வரும். "அவன் நேத்து ராத்திரி நம்ம வீட்டுக்கு..." வரைக்கும் கேட்டவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. வந்தானா, வரலையா, வர்றேன்னு சொன்னானா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லுலதான் இருக்கு. நம்ம மூச்சு தீர்ந்து குரல் இறங்குறதும் சரியா அதே இடத்துலதான். கதையே கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. அதனால ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொஞ்சம் மூச்சை மிச்சம் வெச்சுக்கிட்டு, கடைசிச் சொல்லைக் கடைசி நாற்காலிக்குக் கொண்டுபோய்க் கொடுங்க. தினசரி தலையங்கத்தைச் சத்தமா வாசிச்சுப் பழகினாலே இது சீக்கிரம் வந்துடும். ல, ள, ழ வேறுபாடும் அதே வாசிப்புல சரியாகும்.

6. எதிர்ல இருக்கிறவர் கொடுக்கிறதை வாங்கிக்கோங்க

எழுதி வெச்ச வசனம் இல்லாம, அப்பப்போ தோணுறதைப் பேசி நடிக்கிற பயிற்சி வரும். எதிர்ல இருக்கிறவர், "டாக்டர், என் ஆட்டுக்குட்டி ரெண்டு நாளா தழையே கடிக்கலை"ன்னு ஆரம்பிக்கிறார். நீங்க "நான் டாக்டர் இல்லையே"ன்னு சொல்லிட்டா கூட்டம் சிரிக்கும், காட்சி அங்கேயே செத்துடும். அவர் கொண்டுவந்த ஆட்டுக்குட்டி போச்சு.

"காதைத் தொட்டுப் பார்த்தீங்களா, சுடுதா?"ன்னு கேட்டுப் பாருங்க. இப்போ ஆட்டுக்குட்டி ரெண்டு பேருக்கும் சொந்தம். அவர் தலையைப் பிடிச்சுப்பார், நீங்க குனிஞ்சு காதைத் தொடுவீங்க, கதை தானா நடக்கும். அடுத்து என்ன சொல்லலாம்னு மனசுக்குள்ள தயார் பண்ணாதீங்க. அவர் சொல்றதைக் கடைசி வார்த்தை வரைக்கும் கேளுங்க. உங்க பதில் அதுக்குள்ளேயே இருக்கும்.

7. தேடுற மாதிரி நடிக்காதீங்க, தேடுங்க

1898-ல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. நடிப்புப் பயிற்சி பத்தி அவர் எழுதின புத்தகத்துல ஒரு காட்சி வருது. திரைச்சீலை மடிப்புல குத்தியிருக்கிற ஊசி ஒண்ணை மேடையில தேடச் சொல்றார் ஆசிரியர். மாணவி ஓடுறா, தலையில கை வைக்கிறா, பதறுறா. திரும்பி வந்ததும் ஆசிரியர் கேட்கிறார், ஊசி எங்கேன்னு. அவ தேடவே மறந்துட்டா. அது கிடைக்கலைன்னா பள்ளியை விட்டுப் போக வேண்டியதுதான்னு சொன்ன பிறகு, ஒவ்வொரு மடிப்பா நிதானமாத் தேடுறா. அப்போதான் பார்க்கிறவங்க கண்ணு அவ மேல நிக்குது.

எந்தக் காட்சி கொடுத்தாலும் உள்ளே போகும் முன்னாடி நாலு கேள்விக்குப் பதில் வெச்சுக்கோங்க: நான் யாரு? எங்கிருந்து வர்றேன்? எதிர்ல இருக்கிறவர்கிட்ட எனக்கு என்ன வேணும்? அது கிடைக்கலைன்னா என்ன ஆகும்? "சோகமா நடி"ன்னு உங்களுக்கு நீங்களே சொல்லிக்காதீங்க. "அவர்கிட்டேயிருந்து சாவியை வாங்கணும்"னு சொல்லிக்கோங்க. வேலை இருந்தா கை எங்கே வைக்கிறதுங்கிற குழப்பமே வராது.

8. கூத்து அடவு சொல்லித் தந்தா விடாதீங்க

ந. முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கினதும், தெருக்கூத்தை நவீன நாடகக்காரங்க தேடிப் போனதும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்த கதை. செய்யாறு பக்கத்துல இருக்கிற புரிசை ஊரும், கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானும் அந்தத் தேடல்ல முக்கியமான பேர்கள். கூத்து விடிய விடிய நடக்கும், திறந்த வெளி, கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்துக்கிட்டு ஆடணும், பாடணும். அந்த உடம்புக்குத் தெரிஞ்ச மூச்சுக் கணக்கு வேற எங்கேயும் கிடைக்காது.

அடவு போடும்போது முட்டியை லேசா மடக்கியே வெச்சிருங்க. சிமென்ட் தரையில முழுக் காலையும் தட்டிக் குதிக்காதீங்க, கெண்டைக்கால் முன்னெலும்பு மறுநாள் வலிக்கும். முன்காலைத் தரையில வெச்சு, முட்டியை மடக்கி இறங்குங்க. தாளத்தைக் காலால பிடிக்கும் முன்னாடி கையால தட்டிக்கோங்க. ஒரு பயிற்சியில அரசனாவோ அரக்கனாவோ ஆடிட்டு, நீங்களும் கூத்துக்காரர்னு சொல்லிக்காதீங்க. அவங்க சின்ன வயசுலேயிருந்து சுமந்தது அது. முடிஞ்சா ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு கூத்தைப் பாருங்க.

9. மேடையில எங்கே நிக்கிறது?

"வலது பக்கம் போங்க"ன்னா, பார்வையாளரைப் பார்த்து நிக்கிற உங்க வலது. இதுலதான் முதல் நாள் எல்லாரும் முட்டிக்குவாங்க. அடுத்தவருக்கு முன்னாடி நின்னு அவரை மறைக்காதீங்க. உங்களை யாராவது மறைச்சா ஒரு அடி நகர்ந்துடுங்க, தள்ளாதீங்க.

வெளிச்சத்துல நிக்கக் கத்துக்கோங்க. சிலப்பதிகாரத்தோட அரங்கேற்று காதையில மேடை 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம்னு அளவு சொல்ற இளங்கோ, தூணோட நிழல் அரங்குல விழாதபடி விளக்கு வைக்கணும்னும் சொல்றார். அன்னைக்கே இதுக்கு இவ்வளவு அக்கறை இருந்திருக்கு. ஒத்திகையில நிக்கும்போது உங்க நிழல் பக்கத்து ஆள் முகத்துல விழுதான்னு பாருங்க. தெருமுனை நாடகம்னா நாலு பக்கமும் ஆள் இருப்பாங்க. ஒரே திசைக்குப் பேசாம, அரைச் சுத்து சுத்திச் சுத்திப் பேசிப் பழகுங்க.

10. "வேண்டாம்"னு சொல்ற உரிமை உங்களுக்கு உண்டு

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். நாடகப் பயிற்சியில தோளைத் தொடுவாங்க, கையைப் பிடிப்பாங்க, சாய்ஞ்சு விழுறவரைத் தாங்குவாங்க. அது முறையா இருக்கணும்னா, எங்கே தொடலாம், எங்கே கூடாதுன்னு முதல்ல பேசிக்கணும். யாரும் பேசலைன்னா நீங்க ஆரம்பிச்சு வைங்க. ஒரு பயிற்சி உங்களுக்குச் சரியாப் படலைன்னா ஓரமா உட்கார்ந்து பார்க்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. "கலைன்னா கூச்சம் கூடாது"ன்னு யாராவது அழுத்தினா, அந்த இடத்தை விட்டு வெளியே வந்துடுங்க. தனியா வரச் சொல்ற தனிப் பயிற்சியும் வேண்டாம்.

உங்க சொந்தத் துக்கத்தைத் தோண்டி எடுத்துத்தான் நடிக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆறாத காயத்தை எடுக்காதீங்க. அழுத பயிற்சி முடிஞ்சா முகம் கழுவி, கைகாலை உதறி, தண்ணி குடிச்சுட்டு, பக்கத்துல இருக்கிறவர்கிட்ட சாப்பாட்டைப் பத்திப் பேசுங்க. மனசு தரைக்கு வரட்டும். இன்னொருத்தர் அழுததை வெளியே போய்ச் சொல்லாதீங்க, போன்ல படம் எடுக்காதீங்க.

11. உங்க முறை இல்லாத நேரம்தான் பெரிய வகுப்பு

ஓரமா உட்கார்ந்திருக்கும்போது போனைப் பையில போட்டுடுங்க. பார்த்தே நிறையக் கத்துக்கலாம். நடிகர் விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில கணக்கரா வேலை பார்த்தபடி நடிகர்களைப் பக்கத்திலிருந்து கவனிச்சவர். அடுத்தவருக்குச் சொல்ற திருத்தத்தை உங்களுக்குச் சொன்னதா எடுத்துக்கோங்க. உங்களுக்கே சொல்லும்போது "இல்ல சார், நான் என்ன நினைச்சேன்னா"ன்னு விளக்கம் கொடுக்காம, "சரிங்க"ன்னு வாங்கிட்டு, திரும்பச் செஞ்சு பாருங்க.

பயிற்சி நடக்கும்போது எழுத வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி படுக்கும் முன்னாடி பத்து நிமிஷம்: என்ன செஞ்சோம், என் உடம்புல என்ன நடந்துச்சு, நாளைக்கு எதைத் திரும்ப முயற்சி பண்ணப் போறேன். மூணே கேள்வி.

12. ஞாயிறு சாயங்காலக் காட்சிக்கு

அஞ்சு பேர் சேர்ந்து இருபது நிமிஷத்துல ஒரு குட்டி நாடகம் பண்ணச் சொல்வாங்க. பதினெட்டு நிமிஷம் கதை பேசியே போயிடும். மூணாவது நிமிஷமே எழுந்து நில்லுங்க. கருத்துல ஆரம்பிக்காம ஒரு இடத்துல ஆரம்பிங்க: ரேஷன் கடை வரிசை, ஆஸ்பத்திரி வராண்டா, மழைக்கு ஒதுங்கின டீக்கடை. அங்கே ஒருத்தருக்கு ஒண்ணு வேணும், இன்னொருத்தர் தர மாட்டேங்கிறார். போதும். சாவும் கன்னத்துல அறையும் வேண்டாம், ரெண்டும் சுலபமா வந்து எல்லாத்தையும் விழுங்கிடும். முதல் வரியும் கடைசி வரியும் யாருதுன்னு முடிவு பண்ணிக்கோங்க. பொருள்களை எடுத்துக் கொடுக்க ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கோங்க, அதுவும் நாடகம்தான்.

13. திங்கட்கிழமை

ரெண்டு நாள் கத்துக்கிட்டது ஒரு வாரத்துல கரைஞ்சுடும், நீங்க பிடிச்சு வெச்சாத்தான் நிக்கும். காலையில பத்து நிமிஷம் மூச்சும் குரலும். பஸ்ல ஒருத்தரோட நடையையோ கையையோ கவனிச்சு, வீட்டுக்கு வந்து செஞ்சு பாருங்க. பட்டறையில பழகின நாலு பேர் சேர்ந்து வாரத்துக்கு ஒரு சாயங்காலம் நாடகம் வாசிங்க. பிரபஞ்சனோட 'முட்டை', முத்துசாமியோட 'நாற்காலிக்காரர்', இந்திரா பார்த்தசாரதியோட 'மழை', கோமல் சுவாமிநாதனோட 'தண்ணீர் தண்ணீர்'னு ஆரம்பிக்கலாம். மேடையேத்துறதா இருந்தா எழுதினவர்கிட்டயோ, உரிமை வெச்சிருக்கிறவங்ககிட்டயோ அனுமதி கேட்டு வாங்கிடுங்க.

என் கதையை முடிச்சுடறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அதே அக்காவோட திரும்ப நிக்கச் சொன்னாங்க, அதே பஸ் ஸ்டாண்டு. இந்தத் தடவை நான் பேசலை. பார்த்தேன். அவங்க வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு, உள்ளங்கை மெதுவா தட்டிக்கிட்டிருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் எனக்கு வாய் வந்துச்சு. எழுப்பிடக் கூடாதேன்னு குரலைத் தாழ்த்தி, "தூங்கிட்டாளா?"ன்னு கேட்டேன். அவங்க தலையை மட்டும் ஆட்டிட்டு, நான் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாங்க. உருப்போட்டுட்டுப் போன வசனத்தைக் கடைசி வரைக்கும் நான் சொல்லவே இல்லை.

சனிக்கிழமை கால் மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. விளக்குமாறு கண்ணுல பட்டா எடுத்து அந்தத் தரையைப் பெருக்குங்க. ரெண்டு நாளும் நீங்க எல்லாரும் உருளப் போற தரை அது.